நான்கு போல்ட்டுகளும் நூற்று நாற்பது அறைகளும்

ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ 1954இல் நூலாக வந்தது. எதிர்கால உலகின் நெருக்கடியைக் காட்ட அவருக்கு ஓர் எண் தேவைப்பட்டது. 800 கோடி என்று எழுதினார். அன்றைய உலக மக்கள்தொகை 300 கோடியைக்கூட எட்டியிருக்கவில்லை. அந்த நாவலில் பூமியின் 800 கோடிப் பேரும் ஏறத்தாழ 800 மாநகரங்களில், எஃகுக் கூரைகளுக்கு அடியில், வெயிலும் மழையும் அறியாது வாழ்கிறார்கள். நியூயார்க்கில் மட்டும் 2 கோடிப் பேர். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கின்படி, 2022 நவம்பரில் நாம் அதே 800 கோடியைத் தொட்டோம். ஆனால் எவரும் எஃகுக் குகைக்குள் குடிபோய்விடவில்லை. மொட்டைமாடிகளில் இன்றும் வடாம் காய்கிறது.

அந்த எண் பலித்ததைவிட, நாவலில் போகிறபோக்கில் வரும் வேறொரு செய்தியே நம்மை யோசிக்க வைக்கிறது. அம்மாநகரில் சமையலறை பொது, குளியலறையும் பொது. வீட்டுக்குள்ளேயே கைகழுவும் தொட்டி ஒன்றில் நீர் வருவது அரசுப் பதவிக்கேற்பக் கிடைக்கும் சலுகை. பதவி போனால் குழாயும் போகும். கோடிக்கணக்கானோர் ஒரே கட்டடத்துக்குள் வாழ்வது என்றால் கட்டடக் கலைஞர்கள் எடையையும் காற்றோட்டத்தையும் போக்குவரத்தையும் கணக்கிடுவார்கள். குழாயைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் என்று கேட்டவர் ஒரு கதாசிரியர். பேருருக் கட்டமைப்புகளின் வரலாற்றை இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்துவரலாம்.

‘மெகாஸ்ட்ரக்சர்’ என்ற சொல்லுக்கு வரையறை தந்தவர் ஃபுமிஹிக்கோ மாகி என்னும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர். ஒரு நகரத்தின் எல்லாச் செயல்பாடுகளையும், அல்லது அதன் ஒரு பகுதியையேனும், தனக்குள் அடக்கிக்கொள்ளும் பெரிய சட்டகம் என்று 1964இல் வெளியான தம் ஆய்வில் அவர் விளக்கினார். ஆனால் கருத்து அதற்கும் மூத்தது. லெ கொர்புசியே, மார்செய் நகரில் 1952இல் முடித்த குடியிருப்பைப் பற்றிப் பேசுகையில் மதுப்புட்டிகளை அடுக்கும் மரச்சட்டத்தை உவமையாகக் காட்டுவார். சட்டகம் வேறு, புட்டி வேறு. ஒவ்வொரு வீடும் சட்டகத்துக்குள் செருகப்பட்ட ஒரு புட்டி. 337 வீடுகள், நடுமாடியில் ஒரு கடைவீதி, கூரையில் குழந்தைகள் பள்ளி. எடுப்பான கட்டடந்தான்; இன்றும் மக்கள் விரும்பி வாழ்கிறார்கள். ஆனால் புட்டிகள் உருவப்பட்டதே இல்லை. உவமை உவமையாகவே நின்றுவிட்டது.

அந்த உவமையை மெய்யாகவே எடுத்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். காரணம் இருந்தது. 1945இல் டோக்கியோவில் எஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர். 1960இல் அது 97 லட்சத்தை நெருங்கிவிட்டது. பதினைந்தே ஆண்டுகளில் எரிந்த நகரமொன்று உலகின் மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாகியிருந்தது. 1960இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு கூடியபோது, இளைஞர் குழு ஒன்று சிறு அறிக்கைநூல் ஒன்றை வெளியிட்டது. கியோனோரி கிக்குத்தாக்கே, கிஷோ குரோகாவா, மாகி, மசாட்டோ ஓத்தாக்கா என நான்கு கட்டடக் கலைஞர்கள். அவர்களோடு நொபோரு கவாசோயே என்ற விமர்சகர். ‘மெட்டபாலிசம்’ என்று தங்கள் இயக்கத்துக்குப் பெயரிட்டார்கள். உயிரணுக்கள் அழிந்து புதுப்பிக்கப்பட, உடல் நீடிப்பதுபோல, நகரமும் வளர்சிதை மாற்றம் கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சட்டகம் நெடுங்காலம் நிற்கும், அறைகள் வந்துபோகும்.

இவர்களை வெறும் கற்பனாவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. கிக்குத்தாக்கே கியூஷூ தீவில் தலைமுறைகளாக நிலவுடைமை கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவர். போருக்குப் பிந்தைய நிலச்சீர்திருத்தத்தில் அக்குடும்பம் நிலங்களை இழந்தது. தரையை நம்பாத மனிதர் கடலில் மிதக்கும் நகரங்களை வரைந்ததில் வியப்பில்லை. 1959இல் இசே வளைகுடாப் புயல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றபின், குரோகாவா வயல்களுக்கு மேலே தூண்களில் நிற்கும் வேளாண் நகரம் ஒன்றைத் திட்டமிட்டார். அழிவு அவர்களுக்கு அன்றாடச் செய்தி. அழிவைத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டால் அது இழப்பாக இராது, புதுப்பித்தலாகிவிடும் என்று எண்ணினார்கள்.

அவர்களுக்கெல்லாம் மூத்தவரான கென்சோ டாங்கே, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் வரைந்த திட்டத்தை 1961 புத்தாண்டு நாளன்று தொலைக்காட்சியில் விளக்கினார். மையத்திலிருந்து வட்டவட்டமாக விரியும் நகரம் ஓரணு உயிரியைப் போன்றது, இனி முதுகெலும்பு வேண்டும் என்றார். டோக்கியோ விரிகுடாவின் குறுக்கே, நீருக்கு மேலே, அடுக்கடுக்கான நெடுஞ்சாலைகளாலான ஓர் அச்சு. அதன் இருபுறமும் கிளைத்துச் செல்லும் சாலைகள். அவற்றின்மேல் கூடாரம்போல் சாய்ந்து நிற்கும் குடியிருப்புகள். அங்கே 50 லட்சம் பேர் வாழலாம். அந்த மாதிரியின் புகைப்படங்களை இன்று பார்த்தாலும் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் துடிக்கிறது.

ஆனால் அப்படத்தில் விரிகுடா வெற்றுத்தாளாக இருக்கிறது. மெய்யான விரிகுடாவில் அப்போது மீனவர்கள் இருந்தார்கள். ஓமோரி கரையோரத்தில் குடும்பம் குடும்பமாக நோரி என்னும் கடற்பாசியை வளர்த்துக் காயவைத்தார்கள். 1962 இறுதியில்தான் டோக்கியோ மீனவர்கள் இழப்பீடு பெற்றுக்கொண்டு தங்கள் உரிமைகளை விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கடலில் பின்னர் வந்தவை நிரப்பப்பட்ட நிலமும் தொழிற்சாலைகளும் துறைமுகமுமே. டாங்கேயின் நகரம் வரவில்லை. விரிகுடாவைக் குறுக்கே கடக்கும் சாலை ஒன்று, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்தில், வேறோர் இடத்தில், 1997இல் திறக்கப்பட்டது. முதுகெலும்பு மட்டும் வந்தது, உடல் வரவில்லை.

மெட்டபாலிஸ்ட்டுகளின் கனவு முழுமையாகக் கைகூடிய கட்டடம் என்று எல்லாரும் சுட்டுவது குரோகாவாவின் நககின் கேப்ஸ்யூல் கோபுரத்தை. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1972இல் எழுந்தது. லிஃப்டும் படிக்கட்டும் குழாய்களும் அடங்கிய இரண்டு கான்கிரீட் தூண்கள். அவற்றைச் சுற்றி, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கிப் பொருத்திய 140 அறைகள். ஒவ்வொன்றும் நாலு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். வட்டச் சாளரம், மடக்கு மேசை, கட்டில், விமானத்தில் இருப்பதுபோன்ற குளியலறை, விரும்பியவர்களுக்கு நாடாப் பதிவுக்கருவி. சமையலறை கிடையாது. வெளியூரிலிருந்து வந்துபோகும் நிறுவன ஊழியர் தங்குவதற்கென்று நினைக்கப்பட்டது அது. ஒவ்வோர் அறையும் தூணோடு நான்கு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருந்தது. தூண்களுக்கு 60 ஆண்டு, அறைகளுக்கு 25 ஆண்டு ஆயுள் என்பது குரோகாவாவின் கணக்கு. அதன்படி 1997 வாக்கில் 140 அறைகளும் கழற்றப்பட்டுப் புதியன பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் அறைகூட மாற்றப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளில் ஒன்றுகூட.

பொறியியல் காரணங்கள் உண்டு. அறைகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளி மிகக் குறுகியது. கீழே உள்ளதை உருவ வேண்டுமானால் மேலே உள்ளவற்றை முதலில் கழற்ற வேண்டும். தூணுக்கும் அறைக்கும் இடையே ஓடிய குழாய்கள் துருப்பிடித்தால் கைநுழைத்துச் சரிசெய்ய இடமில்லை. 2010 வாக்கில் வெந்நீர் நின்றது. கல்நார் வேறு. ஆனால் இவையெல்லாம் இரண்டாம்பட்சமே என்பது நம் கருத்து. அறைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. ஒருவருடைய அறையை மாற்ற மேலே உள்ளவர்களின் சம்மதம் வேண்டும். எல்லாருடையதையும் மாற்ற எல்லாருடைய பணமும் வேண்டும். ஜப்பானியச் சட்டப்படி அடுக்குமாடி ஒன்றை இடித்துக் கட்டுவதற்கே ஐந்தில் நான்கு பங்கு உரிமையாளர்கள் ஒப்ப வேண்டும். நான்கு போல்ட்டுகளைக் கழற்றுவது எளிது. 140 அறைக்காரர்களைக் கூட்டி ஒரு முடிவு எடுப்பதற்கான ஏற்பாட்டை எந்தக் கிரேனாலும் தூக்கிவைக்க முடியவில்லை.

குரோகாவா தம் கடைசி ஆண்டுகளில் தூண்களை வைத்துக்கொண்டு அறைகளை மட்டும் மாற்றும் யோசனையை முன்வைத்தார். 2007 ஏப்ரலில் உரிமையாளர்கள் இடிக்க வாக்களித்தார்கள். அதே மாதம் குரோகாவா டோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றிருந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. தாமதமாகவேனும் அவர் சரியான கதவைத் தட்டினார் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அவ்வாண்டு அக்டோபரில் அவர் காலமானார். இடித்துக் கட்டவிருந்த நிறுவனம் திவாலாகியதால் கட்டடம் மேலும் பல ஆண்டுகள் சொட்டச் சொட்ட நின்றது. வலைகளால் போர்த்தப்பட்டு, ஆனாலும் அதை நேசித்துக் குடியேறிய சிலரோடு. 2022 ஏப்ரலில் இடிப்பு தொடங்கியது. காப்பாற்றப்பட்ட 23 அறைகளுள் ஒன்று 2025இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. போல்ட்டுகள் ஒருவழியாகக் கழன்றன.

மெட்டபாலிஸ்ட்டுகள் அடிக்கடி எடுத்துக்காட்டிய முன்மாதிரி இசே ஆலயம். இருபது ஆண்டுகளுக்கொரு முறை அதைப் பக்கத்து மனையில் அப்படியே புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைக் கலைப்பார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. மாறும் பொருள், மாறாத வடிவம் என்று அதில் தங்கள் தத்துவத்தைக் கண்டார்கள். பொருத்தந்தான். ஆனால் இசேயில் தச்சர் மரபு உண்டு, மரத்துக்கென வளர்க்கும் காடு உண்டு, காலியாக விடப்பட்ட பக்கத்து மனை உண்டு, செலவை ஏற்கும் அமைப்பு உண்டு. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்த அமைப்பு தளர்ந்தபோது, நூறாண்டுக்கும் மேலாக இந்தப் புதுப்பித்தலே நின்றுபோயிற்று. வடிவத்தை அவர்கள் இசேயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், வாரியத்தை விட்டுவிட்டார்கள்.

மாற்றம் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு மெட்டபாலிஸ்ட் கட்டடமும் உண்டு. கிக்குத்தாக்கே 1958இல் தமக்கென்று கட்டிய ‘ஸ்கை ஹவுஸ்’. நான்கு சுவர்களின்மேல் தூக்கி நிறுத்திய ஒற்றை அறை. குழந்தைகள் பிறந்ததும் தரைக்கு அடியில் ஓர் அறையைத் தொங்கவிட்டார். அவர்கள் வளர்ந்ததும் கழற்றிவிட்டார். அங்கே ஐந்தில் நான்கு பங்கு வாக்கு தேவைப்படவில்லை; வீட்டில் கேட்டால் போதும்.

இங்கிலாந்திலும் இதே காய்ச்சல் அடித்தது. ஆர்க்கிகிராம் குழுவைச் சேர்ந்த பீட்டர் குக் 1964இல் வரைந்த ‘பிளக்-இன் சிட்டி’யில் ஒவ்வொரு பாகத்துக்கும் காலாவதித் தேதியே குறித்திருந்தது: சமையலறைக்கும் குளியலறைக்கும் 3 ஆண்டு, படுக்கையறைக்கு 5 முதல் 8 ஆண்டு, பெருஞ்சட்டகத்துக்கு 40. மருந்துக்கடையில் பார்க்கத் தக்கது. அமெரிக்காவில் பாவ்லோ சொலேரி அரிசோனாப் பாலையில் 1970இல் தொடங்கிய ஆர்க்கோசாந்தி 5,000 பேருக்கென்று எண்ணப்பட்டது. சில நூறு பேரைக்கூட அது நிலையாகக் கொண்டதில்லை. ஒசாகாவில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக டாங்கே எழுப்பிய மாபெரும் இரும்புக் கூரையைத் துளைத்துக்கொண்டு, தாரோ ஒகாமோட்டோ என்ற ஓவியர் 70 மீட்டர் உயரக் ‘கதிரவன் கோபுர’த்தை நிறுத்தினார். கூரையைப் பின்னர் பிரித்துவிட்டார்கள். கோபுரம் நிற்கிறது. 1976இல் ரெய்னர் பான்ஹம் இவற்றின் வரலாற்றை எழுதியபோது ‘அண்மைக் கடந்தகாலத்தின் நகர எதிர்காலங்கள்’ என்று பொருள்படத் துணைத்தலைப்பிட்டார். பன்னிரண்டே ஆண்டுகளில் எதிர்காலம் இறந்தகாலமாகிவிட்டது.

இந்த மேதைகளெல்லாம் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஒரு வரைபடமும் இன்றி ஒரு பேருருக் கட்டமைப்பு எழுந்துகொண்டிருந்தது. ஹாங்காங்கின் கௌலூன் மதில் நகரம். 1898 குத்தகை உடன்படிக்கையில் சீனாவின் பொறுப்பில் விடப்பட்ட ஒரு பழைய கோட்டை; நடைமுறையில் பிரிட்டிஷ் ஆட்சியும் சீன ஆட்சியும் கையை விரித்த இடம். 2.6 ஹெக்டேர், அதாவது ஆறரை ஏக்கர். அதில் 1987 கணக்கெடுப்பின்படி சுமார் 33,000 பேர். சதுர கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை லட்சம் பேருக்கும் மேல். ஒன்றோடொன்று சாய்ந்து நின்ற முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள். கைதாக் விமானநிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தலையுரசிப் போனதால் மட்டும் 14 மாடியோடு நின்றன. தரையில் கால் வைக்காமலே மாடிகளுக்கிடையே ஊரைக் கடக்கலாம். கிணறு தோண்டி, மோட்டார் வைத்துக் கூரைத் தொட்டிக்கு ஏற்றி, தனியார் நீர் விற்றார்கள். உரிமம் இல்லாத பல் மருத்துவர்கள், மீன் உருண்டை செய்யும் பட்டறைகள், கூரையில் விளையாடும் குழந்தைகள்.

அறைகள் அங்கே ஓயாமல் மாறின. பெருகின, இணைந்தன, பட்டறையாகி மீண்டும் வீடாகின. மெட்டபாலிசத்தின் கனவு நனவானது இங்கேதான் என்று சொல்லிப் பரவசப்படும் கட்டுரைகள் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். சந்துகளில் பகலிலும் விளக்கெரிந்தது. தலைக்குமேல் குழாய்கள் ஒழுகின. பல ஆண்டுகள் ரவுடிக் கும்பல்களின் பிடியில் இருந்த இடம் அது. இருட்டில் பல் பிடுங்கிக்கொண்டவர்களைக் கேட்காமல் அதைக் காவியமாக்குவது எழுத்தாளரின் சொகுசு. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வோம்: குழாய் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1993இல் இடிக்கத் தொடங்கினார்கள். 1995 முதல் அங்கே ஒரு பூங்கா இருக்கிறது.

கனவு ஓய்ந்துவிடவில்லை. சவூதி அரேபியா 2022இல் வெளியிட்ட ‘தி லைன்’ திட்டம், 170 கிலோமீட்டர் நீளமும் 500 மீட்டர் உயரமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிச் சுவருக்குள் 90 லட்சம் பேரை வாழவைக்கும் என்றது. டாங்கேயின் முதுகெலும்பு பாலைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது என்றே கொள்ளலாம். ஈராண்டுக்குள் அதன் முதற்கட்டம் ஒருசில கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அங்கும் நிலம் படத்தில் வெற்றாகத்தான் இருந்தது. அதிலும் மனிதர்கள் இருந்தார்கள்.

சட்டகத்தையும் அறையையும் பிரித்து, பல லட்சம் பேரை அதில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழவைத்துக் காட்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது சிங்கப்பூர். கட்டடக்கலை நூல்கள் அதை அதிகம் கொண்டாடுவதில்லை. பார்க்க அவை சாதாரண அடுக்குமாடிகள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அங்குள்ள தமிழர் வழக்கில் வீவக, 1960இல் தொடங்கியது. மறு ஆண்டே புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப்பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழக்க, அவசர அவசரமாக அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று அந்நாட்டில் வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். வீடு 99 ஆண்டுக் குத்தகையில் குடியிருப்பவருக்கு. சட்டகமும் நிலமும் அரசுக்கு. 1970களிலிருந்து கட்டடத்தின் தரைத்தளத்தை வீடுகளின்றித் திறந்துவிட்டார்கள். ‘வாய்ட் டெக்’ என்று அங்கே சொல்லும் அந்த வெற்றிடத்தில்தான் மலாய்க் கல்யாணங்களும் சீனர்களின் துக்க வீடுகளும் நடக்கின்றன. நம்மவர்களும் பந்தல் போடுகிறார்கள். எந்த மெட்டபாலிஸ்ட்டும் வரையாத அறை அது. அதன் சிறப்பே அதில் எதையும் செருகாததுதான்.

பழைய கட்டடங்களில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளுக்கு ஒருமுறைதான். குடியேறியபோது இளைஞர்களாக இருந்தவர்கள் முதியவர்களானபோது இது வேதனையாயிற்று. 2001இல் லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருப்போர் வாக்களிக்க வேண்டும். முக்கால் பங்கினர் ஆதரித்தால் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும். செலவின் பெரும்பகுதி அரசுடையது. 2007இல் தொடங்கிய இன்னொரு திட்டத்தில், பெயரும் கூரைக் கான்கிரீட்டையும் பழைய கழிவறைகளையும் கட்டடம் கட்டடமாக மாற்றினார்கள், குடும்பங்கள் உள்ளே வாழ்ந்துகொண்டிருக்கையிலேயே. அதற்கும் அதே முக்கால் பங்கு வாக்கு. நககினில் நடக்காதது இங்கே நடந்தது. கிரேனும் கேப்ஸ்யூலும் இல்லை. மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணம் இருந்தது, அதில் ஒரு பங்கைப் பெரும்பழுதுகளுக்கென்று ஒதுக்கிவைக்க நகர மன்றங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இருந்தது.

ஆனால் அசிமோவின் கைகழுவும் தொட்டியும் இங்கே உண்டு. 1997 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி, மேம்பாட்டுப் பணிகளில் தனக்கு வாக்களிக்கும் தொகுதிகளுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொன்னது. எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்த தொகுதிகள் வரிசையின் கடைசிக்குப் போயின. மூட்டுவலியோடு மாடியேறும் பாட்டிக்கு லிஃப்ட் எப்போது வரும் என்பது பேரன் போட்ட ஓட்டைப் பொறுத்ததாயிற்று. சட்டகம் முழுதும் ஒரே கையில் இருப்பதன் விலை இது. உரிமை 140 கைகளில் சிதறிக் கிடந்தால் அறை அழுகுகிறது. ஒரே கையில் குவிந்தால் குழாய் அரசியலாகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், பின்னதே என்போம்; ஓட்டுப்போட்டு மாற்றக்கூடியது அதுதான்.

உலக மக்கள்தொகை 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும் என்பது ஐக்கிய நாடுகள் சபை 2024இல் வெளியிட்ட கணிப்பு. அசிமோவின் இன்னொரு படைப்பான டிரான்டர் கிரகத்தின் 4,000 கோடி, கதையிலேயே இருந்துவிடும் போலும். டாங்கே பெருக்கத்துக்கென்று திட்டமிட்ட ஜப்பானில் மக்கள்தொகை 2008 வாக்கிலேயே உச்சத்தைத் தாண்டி, இன்று ஆண்டுதோறும் குறைகிறது. புதிய சட்டகங்களைவிடப் பழைய சட்டகங்களே இனி நம்மோடு அதிகம் இருக்கும்.

1960களில் குத்தகை தொடங்கிய வீவக வீடுகளுக்கு 2060களில் 99 ஆண்டு முடிகிறது. அப்போது அவை ஈடின்றி அரசிடம் திரும்ப வேண்டும். இதற்கு முன்னதாகவே, ஏறத்தாழ 70 ஆண்டான பேட்டைகளில் கட்டடங்களைத் திரும்பக் கொடுத்து ஈடு பெற்றுக்கொள்ளலாமா என்று குடியிருப்போரே வாக்களித்து முடிவு செய்யும் திட்டம் ஒன்றை அந்நாட்டுப் பிரதமர் 2018இல் அறிவித்தார். முதல் வாக்கெடுப்பை 2030களில் எதிர்பார்க்கிறார்கள்.